மூன்று ஒலி கேட்ட பிறகே அடுத்த குத்து

கேள்வி: மாஸ்டர், எனக்கு வயது 19. எடை 54 கிலோ. தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாதமாக வீட்டு மொட்டை மாடியில் தனியாகக் குத்துச்சண்டைப் பயிற்சி செய்கிறேன். சேர்த்து வைத்த பணத்தில் பலகைக்கு அடியில் தொங்கவிட்டு அடிக்கிற, காற்றடைத்த 13×10 அங்குல ஸ்பீட் பேக் ஒன்று வாங்கினேன். மாடியில் உள்ள தகரக் கொட்டகையின் இரும்புச் சட்டத்தில் 12 மி.மீ. பிளைவுட் பலகையைப் பொருத்தி, உயரம் சரியாக வர வேண்டும் என்பதற்காக ஒரு சாண் சங்கிலியில் பையைத் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று வாரமாகியும் இரண்டு குத்துக்கு மேல் தொடர முடியவில்லை. பை கோணல்மாணலாகப் போகிறது. வலது மணிக்கட்டு வலிக்கிறது. வீடியோக்களில் பார்க்கிற சிறிய பையை வாங்கினால் சரியாகிவிடுமா? 13 வயதுத் தங்கைக்கும் ஆசையாக இருக்கிறது. அவளும் இதிலேயே பழகலாமா? ஸ்பீட் பேக் அடித்தால் குத்தின் பலம் கூடுமா, அல்லது வெறும் வேடிக்கைதானா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: தம்பி, முதலில் மணிக்கட்டு. இன்றிலிருந்து ஒரு வாரம் அந்தக் கையால் எதையும் குத்தாதீர்கள். ஸ்கிப்பிங் செய்யுங்கள், ஓடுங்கள், கால் நகர்த்தலைப் பழகுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் வலி இருந்தாலோ, மணிக்கட்டில் வீக்கம் தெரிந்தாலோ, கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தை அழுத்தும்போது சுரீர் என்று வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருக்கும் சிறிய எலும்பில் விரிசல் விட்டால் வெறும் சுளுக்கு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது எளிதில் கூடாத எலும்பு. அலட்சியம் வேண்டாம்.

இனி பைக்கு வருகிறேன். புதுப் பை வாங்காதீர்கள். உங்கள் சிக்கலில் பாதி அந்தச் சங்கிலியில் தொங்குகிறது, மீதி மெல்லிய பலகையில் இருக்கிறது.

ஸ்பீட் பேக் தானாக ஆடும் பொருள் இல்லை. நாம் அடித்த அடியைப் பலகைதான் திருப்பிக் கொடுக்கிறது. பலகை அழுத்தமாக இருந்தால் பை வந்த வேகத்திலேயே, வந்த கோட்டிலேயே திரும்பும். உங்கள் 12 மி.மீ. பிளைவுட் ஒவ்வோர் அடிக்கும் தானும் சேர்ந்து அதிர்கிறது. அது மாட்டியிருக்கிற கொட்டகைச் சட்டமும் அதிர்கிறது. உங்கள் குத்தின் பலத்தைத் தகரக் கொட்டகைதான் வாங்கிக்கொள்கிறது. பைக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சங்கிலி அதைவிட மோசம். பையின் கழுத்து பலகையை ஒட்டினாற்போல இருக்க வேண்டும். அப்போதுதான் பையின் வயிறு ஒவ்வொரு முறையும் பலகையின் ஒரே இடத்தில் போய் முட்டும். நடுவில் ஒரு சாண் சங்கிலி இருந்தால் பை மேலே போகும்போது சங்கிலி மடங்கும், இறங்கும்போது வெட்டி இழுக்கும். அப்படித் தொங்கும் பையை முப்பது வருடம் பழகிய கையாலும் ஆட்ட முடியாது. இரண்டு குத்து அடித்திருக்கிறீர்களே, அதுவே பெரிது.

உயரம் குறைய வேண்டுமானால் பலகையைத்தான் இறக்க வேண்டும், பையை இறக்கக் கூடாது. பையின் அகலமான பகுதி உங்கள் வாய்க்கும் முகவாய்க்கும் நடுவில் வரட்டும். அதற்கு மேலே போனால் கையைத் தூக்கித் தூக்கித் தோள் இற்றுப்போகும். கீழே வந்தால் மேலிருந்து கீழாகக் குத்தத் தொடங்குவீர்கள்; பை கோணலாகப் போவதற்கு அது இன்னொரு காரணம்.

பலகையை உங்கள் ஊர் ஆசாரியிடமே செய்துகொள்ளலாம். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை 24 அங்குல விட்டத்தில் வட்டமாக அறுத்து, பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேல் பக்கத்திலிருந்து சுற்றிலும் ஸ்குரூ முடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தடிமன் கிடைக்கும். பை முட்டுகிற அடிப்பக்கத்தில் ஸ்குரூத் தலையோ ஆணியோ துருத்தக் கூடாது, தோலைக் கிழித்துவிடும். இதைத் தகரக் கொட்டகையில் மாட்டாதீர்கள். மாடிப்படி அறையின் கான்கிரீட் பீமிலோ லிண்டலிலோ ஆங்கர் போல்ட் போட்டு, கனமான இரும்புத் தாங்கிகளின் மேல் உட்கார வையுங்கள். வெறும் செங்கல் சுவரில் சில மாதத்தில் போல்ட் ஆடிவிடும். பூட்டி முடித்த பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள், நான்கு திசையிலும். பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தால் பையும் அந்தப் பக்கமே ஓடும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அப்படியும் அதிர்வு இருந்தால் பலகையின் மேல் ஒரு மணல் மூட்டையைக் கட்டி வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அடுத்த குத்திலேயே வித்தியாசம் தெரியும்.

பலகைக்கும் பைக்கும் நடுவில் இருக்கிற சுழல் கொக்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. கையால் பையைத் தூக்கி விட்டால் உரசல் இல்லாமல் எல்லாத் திசையிலும் ஆட வேண்டும். உருண்டை முனை உள்ள கொக்கியோ பேரிங் வைத்ததோ எதுவானாலும் சரி. உங்கள் ஊரில் உப்புக் காற்று. வாரத்துக்கு ஒரு முறை துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடாவிட்டால் இரண்டே மாதத்தில் துரு பிடித்துக் கரகரக்கும். கரகரக்கிற கொக்கி பையின் போக்கைத் திருப்பிவிடும்.

பையின் அளவைப் பற்றிச் சொல்கிறேன். அங்குலத்தில் முதல் எண் நீளம், இரண்டாவது எண் அகலம். பெரிய பை மெதுவாக ஆடும், சிறிய பை பறக்கும். உங்களிடம் இருக்கும் 13×10 கனமானது; தோளும் கையும் பருத்த கனரக வீரர்கள் விரும்புவது. 54 கிலோ உடம்புக்கு அது அதிகம். தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். தோள் சோர்ந்தால் முழங்கை இறங்கும், முழங்கை இறங்கினால் மணிக்கட்டு மடங்கும். உங்கள் வலி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிற சிறிய பை அநேகமாக 8×5 அல்லது அதற்கும் கீழே இருக்கும். அது வருடக்கணக்கில் பழகியவர்களின் கைக்கு. இப்போது வாங்கினால் மூக்கில்தான் வந்து அடிக்கும். உங்களுக்கு ஏற்றது 10×7. ஆனால் பலகையைச் சரி செய்து, இந்தப் பெரிய பையிலேயே ஒரு மாதம் மெல்ல அடித்துப் பழகிய பிறகு வாங்குங்கள். மெதுவாக ஆடும் பையில் காது சீக்கிரம் பழகும் என்ற ஒரு நன்மை இருக்கிறது.

வாங்கும் நாளில் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். ஜலந்தரிலும் மீரட்டிலும் தைத்து வருகிற பைகள் நம் ஊர் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. நல்லதும் உண்டு, அவசரத் தையலும் உண்டு. காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே உள்ள தோல் வளையத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறு கையால் பையைப் பம்பரம் போலச் சுழற்றிவிடுங்கள். கண்ணை அதன் அடி நுனியில் வையுங்கள். நுனி ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நான்கு துண்டுத் தோலும் ஒரே அளவில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. நுனி வட்டம் போட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். தையல் கோணிய பையை எந்தப் பலகையும் நேராக்காது. தோலா ரெக்சினா என்று கேட்டால், பணம் இருந்தால் தோல், இல்லாவிட்டால் ரெக்சின் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவேன். வளையம் தடித்த தோலாக, நடுவில் தைத்திருக்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம்.

காற்றை அளவோடு அடியுங்கள். இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால், செங்காய்ப் பருவத்துக் கொய்யா எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு கொடுக்க வேண்டும். கல் போல இறுக்கினால் தையல் விடும்; கைக்கும் வலி. அதிலும் தூத்துக்குடி வெயிலில் மாடியிலேயே பையை விட்டுவிட்டால் உள்ளே காற்று விரிந்து மதியத்துக்குள் ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். ஊசியைச் செருகும்போது தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பரைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ போதும். உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர்ப் பை (பிளாடர்) லேட்டக்ஸ் என்றால் துள்ளல் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காற்றுக் கேட்கும். பியூட்டைல் ரப்பர் என்றால் காற்று நிற்கும், துள்ளல் சற்றுக் குறையும். பை உங்களுக்கு வேகமாக ஆடுவதாகத் தோன்றினால் கொஞ்சம் காற்றை இறக்கிப் பாருங்கள். தொடக்கக்காரருக்கு அது நல்ல உபாயம்.

இனி நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுவன். அவர் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் எங்கள் தெருவிலிருந்து நான்கு பையன்கள் வடசென்னையில் ஒரு கிளப்பின் வாசலில் போய் நின்றோம். வாத்தியார் எங்களைச் சேர்த்துக்கொண்டார். ஸ்பீட் பேக் பக்கம் போகவே எட்டு மாதம் ஆயிற்று. அது மாட்டியிருந்த அறைக்கு வெளியே ஒரு திண்ணை. வாத்தியார் அந்தத் திண்ணையில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து டீ குடிப்பார். நாங்கள் உள்ளே அடிப்போம். திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஆனால் டம்ளரைக் கீழே வைக்காமலே சொல்வார்: “இடது கை முந்துகிறது.” சிறிது நேரம் கழித்து, “இப்போது பையைத் துரத்துகிறாய், வரவிட்டு அடி.” ஒரு நாள் வேண்டுமென்றே வலது கையை ஒரு நொடி தாமதித்துப் பார்த்தேன். “விளையாடாதே” என்று குரல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று வெகுநாள் வியந்திருக்கிறேன். அவர் பலகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இன்று நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பலகை என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் அடித்ததும் பை உங்களைவிட்டு விலகிப் போய்ப் பலகையின் அந்தப் பக்கத்தில் முட்டும். அது முதல் ஒலி. திரும்பி உங்கள் பக்கம் வந்து முட்டும். அது இரண்டு. மறுபடி விலகி அந்தப் பக்கம் முட்டும். அது மூன்று. மூன்றாவது ஒலிக்குப் பிறகு பை உங்களை நோக்கி வருகிறது. அப்போதுதான் குத்த வேண்டும். மிருதங்கத்தில் ‘தகிட’ என்று மூன்று எழுத்துச் சொல் உண்டே, அதேதான். குத்து, தகிட, குத்து, தகிட. குத்தை ஒட்டியே வருவதால் ‘த’ கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும்.

உங்களைப் போன்றவர்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், இரண்டாவது ஒலி கேட்டவுடன் பதறிக் கையை விடுகிறீர்கள். அந்த நொடியில் பை விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸின் பின்னால் ஓடி எட்டித் தட்டுவது போன்றது அது. அடி முழுதாக விழாது, ஓரத்தில் உரசும், பை சுழலத் தொடங்கும். அதன் பிறகு எத்தனை வேகமாகக் கை வீசினாலும் பிடிக்க முடியாது. கண்ணை நம்பினால் இந்தத் தவறு போகவே போகாது. பை ஆடுகிற வேகத்துக்குக் கண்ணால் எண்ண முடியாது. காது எண்ணும்.

ஆகவே முதல் நான்கு நாள் தொடர்ந்து அடிக்கவே வேண்டாம். இடது கையால் பையை நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். விடுங்கள். வலது கையால் ஒரே ஒரு மெல்லிய அடி. ‘தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வருகிற பையை உள்ளங்கையால் பிடித்து நிறுத்துங்கள். அவ்வளவுதான். பிறகு கை மாற்றி அதையே செய்யுங்கள். நீங்கள் சொல்கிற ‘தகிட’வும் பலகை சொல்கிற ‘தகிட’வும் ஒன்றாக விழும்வரை இதைச் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் பிடித்து நிறுத்தாமல் அதே கையால் இரண்டாவது அடியைச் சேருங்கள். பிறகு வலது இரண்டு, இடது இரண்டு. ஒரு கை அடிக்கும்போது மற்றது முகவாய்ப் பக்கத்திலேயே காத்திருக்கட்டும். இரண்டு இரண்டாக ஒரு நிமிடம் விடாமல் வந்த பிறகு ஒன்று ஒன்றாக மாற்றலாம். வேகம் வேண்டும் என்று ஓங்கி அடிக்காதீர்கள். ஓங்கி அடித்தால் பை வேகமாகும், கை வேகமாகாது. தட்டினால் போதும்.

நிற்கும் விதம்: தொடக்கத்தில் இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு வைத்துப் பைக்கு நேர் எதிரே நில்லுங்கள். முழங்கை மடங்கி, ஏறத்தாழத் தோள் மட்டத்துக்கு உயர்ந்திருக்கட்டும். கையைப் பாதி நீட்டுவதற்குள் பை எட்ட வேண்டும். குத்து என்கிறோமே தவிர, இது நீட்டிக் குத்துகிற நேர்க்குத்து இல்லை. முஷ்டி முன்னால் போய், பையைத் தட்டி, கீழே இறங்கி, மார்புப் பக்கம் வந்து, மறுபடி மேலே ஏறி முன்னால் போக வேண்டும். சைக்கிள் பெடலைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுவது போல. அந்த வட்டம் ஒரு டிபன் தட்டைவிடப் பெரிதாகக் கூடாது. பெரிய வட்டம் போடுகிறவர்கள் அடுத்த அடிக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். பையில் படவேண்டியது சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு. கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்காதீர்கள், வெளியே விரல்களின் மேல் படியட்டும். முன்கையும் முஷ்டியும் ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு உள்ளே மடிந்தால் நிறுத்திவிடுங்கள். பையின் நடு வயிற்றில், கிடையாகத் தட்டுங்கள். கனமான குத்துச்சண்டைக் கையுறை வேண்டாம், பையைத் தொடுகிற உணர்வே இருக்காது. கைக்கட்டுத் துணி சுற்றிக்கொண்டால் போதும். தோல் உரிந்தால் மெல்லிய பேக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? இப்போதைக்கு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. பிறகு போட்டிச் சுற்றைப் போல மூன்று நிமிடமாக்குங்கள். தோள் எரிந்து முழங்கை இறங்கினால் அன்றைக்குப் போதும். தவறான அசைவை ஆயிரம் முறை செய்தால் கை அந்தத் தவறைத்தான் கற்றுக்கொள்ளும்.

தங்கை தாராளமாகப் பழகலாம். அவள் உயரத்துக்குப் பலகையை இறக்க வேண்டியதில்லை. ஆடாத, அகலமான ஒரு மர மேடை செய்து அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள். ஸ்டூல் வேண்டாம். காற்றைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: சிறு பிள்ளைகள் பலத்தை நம்புவதில்லை, சத்தத்தைக் கேட்கிறார்கள். அவள் உங்களுக்கு முன்பே பிடித்துக்கொண்டால், அருகில் நின்று அவள் பலகையைக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி. ஸ்பீட் பேக்கால் குத்தின் பலம் கூடாது. பலம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. அதற்கு ஹெவி பேக் என்கிற கனமான தொங்கு மூட்டை இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. எதிராளியின் குத்திலிருந்து விலகவும் இது கற்றுத்தராது. ஆனால் வேடிக்கை என்று சொல்பவர்களுக்கு மூன்றாவது சுற்றின் கடைசி ஒரு நிமிடத்தைக் காட்ட வேண்டும். தோள் கல்லாகக் கனத்து, கை தானாக இடுப்புக்கு இறங்குகிற நேரம் அது. இறங்கிய கையின் மேல்தான் குத்து வந்து விழும். அந்த நிமிடத்தில் கையை முகவாயிலேயே நிறுத்தி வைக்கிற தோளை இந்தச் சின்னப் பை தரும். எப்போது கையை விட வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்ற கணக்கையும் தரும். பயிற்சி நேரத்தில் பத்து நிமிடம் அதற்குக் கொடுங்கள், மீதியை மற்றவற்றுக்கு வையுங்கள்.

ஆறு மாதம் தனியாகப் பழகியிருக்கிறீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியும் கவலையுமாக இருக்கிறது. தருவை மைதானத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய், உங்கள் பகுதியில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். தங்கையையும் அழைத்துச் செல்லுங்கள். தனியாகக் கற்றுக்கொண்ட பிழைகளைப் பின்னால் களைவது கடினம்.

பலகை மாட்டி, மணிக்கட்டு தேறி, மூன்று வாரம் அடித்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். வீடியோ வேண்டாம். போனைப் பலகைக்குப் பத்தடி தள்ளி வைத்து, ஒரு நிமிடம் ஒலியை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள். எந்தக் கை முந்துகிறது என்று சொல்கிறேன்.